ரயர் மாத்தினனியே பிள்ளை?

என்ர பிள்ளைக்கு,

நீ போய்ச் சேந்திட்டன் எண்டு போன் எடுத்து இண்டையோட 37 நாள். நான் எண்ணேல்ல, கொம்மா கலண்டர்ல குறிச்சு வச்சிருக்கிறா. வாட்சப்பில ரெண்டு நீலச் சரி விழுதுதானே, அப்ப பிள்ளை சுகமாத்தான் இருக்குது எண்டு நான் சொல்ல அவ பாத்த பார்வை இருக்கே, மட்டுவில் கல்யாணவீட்டில பாத்த அதே பார்வை.

எட்மன்ரன்ல இந்தக் கிழமை மைனஸ் 20க்குக் கீழ போகுது எண்டு என்ர போன் சொல்லுது. ரயர் மாத்தினனியே? ஆல் சீசன் ரயர் காணும் எண்டு கடைக்காரர் சொல்லுறதை நம்பாத, 7 டிகிரிக்குக் கீழ வந்தாலே அந்த ரப்பர் இறுகிப்போம், பேந்து நீ பிரேக்கில ஏறி நிண்டாலும் கார் தன்ர பாட்டில போகும். நாலும் போடோணும். முன்னுக்கு ரெண்டை மட்டும் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கிற வேலை வேண்டாம், காசில்லையெண்டாச் சொல்லு, நான் அனுப்புறன். உன்னட்டக் காசில்லை எண்டு நான் சொல்லேல்ல. சும்மா சொன்னனான்.

வாட்சப்பில துண்டு துண்டா அனுப்பினா நீ முதல் துண்டோட நிப்பாட்டிப் போடுவாய், அதுதான் ஒரேயடியா எழுதுறன். இஞ்ச வினிபெக்கில பெரிசா செய்தி இல்லை. முன்னுக்கு நிண்ட எல்ம் மரத்தைச் சிட்டிக்காரர் தறிச்சுப் போட்டினம், டச்சு எல்ம் நோயாம். உன்ர அறைக்குள்ள இப்ப பின்னேரம் முழுக்க வெய்யில். கொம்மா சீலை போட்டு மறைச்சிருக்கிறா, கட்டில் துணி வெளிறிப்போமாம், ஆர் படுக்கிற கட்டிலோ.

ஜூன் 27 அண்டைக்கு போர்ட்டேஜ் அண்ட் மெயின் சந்தியைத் திறந்துவிட்டவை, நீ நியூஸில பாத்திருப்பாய். 1979ல மூடினது. 46 வருசம் நடந்து போற சனம் கொங்கிறீற் தடுப்பைப் பாத்திட்டு, படி இறங்கி நிலத்துக்குக் கீழால சுத்தித்தான் மற்றப் பக்கம் வந்தது. கீழ கடை கட்டின ஆக்களோட சிட்டி ஒப்பந்தம் எழுதினபடியா, சனத்தைக் கீழால விட்டே ஆகோணும். திறந்து ரெண்டு கிழமையால நானும் கொம்மாவும் போய் நாலு பக்கமும் ஒரு சுத்துச் சுத்தினம், அவ பேந்தும் ஒருக்காப் போவம் எண்டா. ஒருத்தரும் ஹோர்ன் அடிக்கேல்ல. காத்து மட்டும் பழைய காத்துத்தான், கொம்மான்ர சால்வையைப் பறிச்சு, ஒரு வெள்ளைக்காரப் பெடியன் ஓடிப்போய்ப் பிடிச்சுக்கொண்டு வந்து தந்தவன்.

அதில நிண்டு உன்னைத்தான் நினைச்சனான். 2018 ஒக்டோபர், அந்தச் சந்தியைத் திறக்கிறதோ எண்டு வாக்கெடுப்பு, மூக்குச் சிவக்கச் சிவக்கத் துண்டுப் பிரசுரத்தோட வீடு வீடாப் போனாய். நூற்றுக்கு 65 பேர் திறக்க வேண்டாம் எண்டிட்டினம். அண்டிரவு குசினியில இருந்து அழுதாய், நான் தேத்தண்ணி போட்டுத் தந்து, சனத்துக்கு விளக்கமில்லை விடு எண்டனான். பிள்ளை, அந்த 65க்குள்ள நானும் ஒராள். டாக்சி ஓடுறவனுக்கு அந்தச் சந்தியில கூட ரெண்டு நிமிசம் நிக்கிறது எண்டா என்னெண்டு அப்ப எனக்கு மண்டைக்குள்ள வேற ஒண்டும் ஓடேல்ல, வேண்டாம் எண்டதுக்கு நேர புள்ளடி போட்டிட்டு வந்து உனக்குத் தேத்தண்ணி ஆத்தினனான். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன். இல்லை, பொய், கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டன்.

பிளக் விசயமும் சொல்லோணும். உங்கட பார்க்கிங்கில எஞ்சினைச் சூடாக்கிற ப்ளொக் ஹீற்றர் குத்த இடம் இருக்கோ? விடிய வெளிக்கிட முதல் மூண்டு நாலு மணித்தியாலம் காணும், ரைமர் ஒண்டு வாங்கிப் போடு. குத்தாமல் ஸ்ராட் பண்ணினா உள்ளுக்குள்ள ஒயில் உறைஞ்ச நெய் மாதிரி நிக்கும், எஞ்சின் பாவம். நீ விடிய வேலைக்கு வெளிக்கிடுறது எத்தினை மணிக்கு எண்டு எனக்குத் தெரியாது, அதால ரைமரை எத்தினைக்கு வைக்கோணும் எண்டு என்னாலச் சொல்ல ஏலாது.

உன்ர சிநேகிதியளுக்கெல்லாம் நீ சொல்லித் திரியிறது, எங்கட அப்பாவுக்கு வினிபெக் சரித்திரம் முழுக்கப் பாடம், டாக்சி ஓடி ஓடிப் படிச்சவர் எண்டு. எனக்கு அது கேக்க நல்லாத்தான் இருக்கும். நீயும் என்ன குறைச்சலே, பன்னிரண்டாம் வகுப்பில குழாயைத் திறந்து வச்சுக்கொண்டு, அப்பா இந்தத் தண்ணி வாற ஏரிக்கரையில இருக்கிற ஷோல் லேக் 40 எண்ட பழங்குடிச் சனத்துக்குக் குடிக்க நல்ல தண்ணி இல்லையாம், 1919ல இருந்து நாங்கள் குடிக்கிறம், அவை 97ல இருந்து காய்ச்சிக் குடிக்கினம் எண்டு கத்தினனீ. வாயை மூடிக்கொண்டு பைப்பை மூடு, தண்ணிக்காசு ஆர் கட்டுறது எண்டு பேசினனான். 2021ல அவைக்குச் சுத்திகரிப்பு நிலையம் வந்து அந்தத் தடை எடுபட, நான் நியூஸைப் பாத்திட்டு உனக்குத்தான் முதல் அடிச்சனான், ஞாபகம் இருக்கோ.

ஆனா டாக்சி ஓடிப் படிச்சதில்லை பிள்ளை. டாக்சியில ஹொக்கியும் காலநிலையும்தான் படிக்கலாம்.

97 தை மாதம் எனக்கு வேலை போட்டுது. உனக்கு அப்ப ஒன்பது வயசு. தையல் ஃபக்ரறி, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என்வலப் தந்து கை குலுக்கி அனுப்பினவை. குளிர் ஜாக்கெற் தைக்கிற இடம், ஒரு நாளைக்கு எத்தினை சிப் பூட்டியிருப்பன், நான் போட்டிருந்த ஜாக்கெற்றுக்குச் சிப் இல்லை, ஊசி குத்தித்தான் வீட்ட வந்தனான். வந்து சொல்லேல்ல. திங்கள் விடிய ஆறரைக்கு வழக்கம் போலச் சாப்பாட்டுப் பையோட வெளிக்கிட்டன். மோல் திறக்கும்வரைக்கும் பஸ் தரிப்பிடத்தில நிக்கிறது, பேந்து கட்டிடத்துக்குக் கட்டிடம் போற ஸ்கைவோக்குக்குள்ளால நடக்கிறது, லைப்ரரி திறக்க உள்ளுக்குப் போய் மேல் மாடியில இருக்கிறது. இப்ப மில்லேனியம் லைப்ரரி எண்டுறது, அப்ப சென்டெனியல். சும்மா இருந்தா எழுப்பிப் போடுவாங்கள் எண்டு பயம், அதால முன்னால ஒரு புத்தகத்தைத் திறந்து வைக்கோணும். கைக்குக் கிட்ட இருந்த தட்டு வினிபெக் தட்டு. அவ்வளவுதான் என்ர சரித்திர ஆராய்ச்சி.

டிக்‌ஷனரியை மடியில வச்சுக்கொண்டு ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம். 1919 மே 15, பொது வேலைநிறுத்தம் பதினொரு மணிக்கு எண்டு அறிவிச்சிருக்க, ரெலிபோன் எக்ஸ்சேஞ் பெட்டையள் விடிய ஏழு மணிக்கே எழும்பிப் போட்டுதுகள், ஐஞ்ஞூறு பேர், ஹலோ கேர்ள்ஸ் எண்டு பேர். பேந்து 30,000 பேர். பாண் வண்டியும் பால் வண்டியும் வேலைநிறுத்தக் கொமிற்றியின்ர அட்டை தொங்கவிட்டால்தான் ஓடலாம். ஆறு கிழமை. ஜூன் 21 சனிக்கிழமை சுட்டதில ரெண்டு பேர் செத்தவை. ஜோன் குயின் எண்ட ஆளை ஒரு வருசம் மறியல்ல போட்டவை, சனம் அந்தாளை மறியலுக்குள்ள இருக்கவே சட்டசபைக்குத் தெரிவு செய்தது, பிறகு இந்தச் சிட்டிக்கே மேயரா இருந்தவர். நான் அதை வாசிச்சு அழுதனான் எண்டா நீ நம்ப மாட்டாய். 30,000 பேர் தெருவில இறங்கிச் சொன்னவை வேலை இல்லை எண்டு. எனக்குக் கொம்மா ஒராளிட்டச் சொல்ல வாய் வரேல்ல.

அவவுக்குத் தெரியும். எனக்குத்தான் அது தெரியாது. புட்டும் சம்பலும் லைப்ரரிக்குள்ள மணக்கும் எண்டு சான்விச் கட்டித் தரச் சொன்னன், எட்டு வருசமா சான்விச் கேக்காத மனிசன். அவ ஒண்டும் கேக்கேல்ல, அடுத்த நாள் சான்விச்சுக்குள்ள முட்டை ரெண்டு இருந்தது. போன வருசம் புட்டுக் குழைக்கேக்கதான் சொன்னா, உங்கட சேட்டில நூல் தும்பு இல்லாமல் வந்த முதல் நாளே எனக்கு விளங்கினது எண்டு. 27 வருசம் வச்சிருந்து சொல்லுறா.

ஏப்ரல் முதல் கிழமை 50 சென்ரிமீற்றர் ஸ்நோ கொட்டினது, பிறகு ரெட் ரிவர் ஆறு பெருகி வந்தது. லைப்ரரியை விட்டிட்டு மண்மூட்டை கட்டப் போனனான். ஆமி, ஹைஸ்கூல் பிள்ளையள், கிழவியள், எல்லாரும் ஒரு வரிசை. அங்க ஒருத்தரும் நீ எங்க வேலை செய்யிறாய் எண்டு கேக்கேல்ல, அதுக்காகவே விடிய விடியப் போனனான். 1950 வெள்ளத்தில ஒரு லட்சம் பேர் ஊரை விட்டு வெளிக்கிட்டவை, அதுக்குப் பிறகு டஃப் ரொப்ளின் எண்ட பிரீமியர் 47 கிலோமீற்றருக்கு வெள்ளத்தைச் சுத்தி விடுற ஃப்ளட்வே வெட்டுவிக்க, டஃப்பின்ர வாய்க்கால் எண்டு சிரிச்சவை. 97ல அந்த வாய்க்கால்தான் எங்களைக் காப்பாத்தினது. தெற்குப் பக்கம் அணை கட்டிப்போட்டு அலை அடிக்காமல் பழைய ஸ்கூல் பஸ்ஸுகளைக் கொண்டுபோய் வரிசைக்கு நிப்பாட்டினதும் அப்பத்தான். அந்த மண்மூட்டை வரிசையில எனக்குப் பக்கத்தில நிண்டவன்தான் டாக்சி லைசன்ஸ் எடு எண்டு சொன்னது.

அதே ஏப்ரல்ல நீ ஸ்கூல்ல இருந்து ஒரு கடுதாசி கொண்டந்தாய், லோவர் ஃபோர்ட் கேரிக்குக் கூட்டிக்கொண்டு போகினமாம், 14 டொலர். கல்லுச் சுவரில என்ன கிடக்கு, காசைக் கரியாக்கிற வேலை எண்டனான். அந்தக் கோட்டையைப் பற்றி அந்த மாதம்தான் வாசிச்சு முடிச்சிருந்தனான். 1871 ஓகஸ்ட் 3, அதிலதான் பழங்குடிச் சனத்தோட முதலாம் உடன்படிக்கை எழுதினவை, இந்த நிலம் முழுக்கப் போனதுக்கு ஆளுக்கு வருசம் 3 டொலர், பிறகு 5 ஆக்கினவை, இண்டைக்கும் அந்த 5தான். எல்லாம் தெரிஞ்சுகொண்டு உனக்குக் கல்லுச் சுவர் எண்டனான். நீ ஒரு சொல்லுச் சொல்லேல்ல. கடுதாசியை நாலா மடிச்சுப் பென்சில் பெட்டிக்குள்ள வச்சாய். உந்த ஒண்டும் சொல்லாமல் மடிச்சு வைக்கிற பழக்கம் உனக்கு ஆரிட்ட இருந்து வந்தது எண்டு கொம்மா இப்ப அடிக்கடி கேக்கிறா.

தாங்ஸ்கிவிங்குக்கு வந்து நாலு நாள் நிண்டாய், மூண்டு நாள் நித்திரை. ஆயிரத்து முன்னூறு கிலோமீற்றர் ஓடி வந்த களை எண்டு வந்த ஆக்களுக்குச் சொன்னன். திரும்பிப் போக முதல் நாள் இரவு ஸ்பேர் ரயர் பாப்பம் எண்டு உன்ர காரின்ர டிக்கியைத் திறந்தனான். ரயருக்கு மேல ஒரு சப்பாத்துப் பெட்டி, அதுக்குள்ள சின்னக் கள்ளிச்செடி, துவாயில சுத்தின கோப்பிக் கப், ஒஃபிஸ் கதவு திறக்கிற கார்ட் நாடாவோட. எடுத்துப் பாத்திட்டு இருந்த மாதிரியே வச்சு மூடினனான்.

கொம்மாவுக்கு நான் சொல்லேல்ல. ஆனா விடிய அவ கட்டித் தந்த பார்சலைப் பாத்தனீதானே, மிளகாய்த்தூள் பெரிய போத்தல், வறுத்த மா ரெண்டு பை, பருப்பு, நெத்தலிக் கருவாடு. ஒரு பிள்ளைக்கு மூண்டு மாதத்துக்குக் காணும்.

நான் ஒண்டும் கேக்கேல்ல. கள்ளியை ஜன்னல் கண்ணாடியோட ஒட்டி வைக்காத, குளிர் பட்டாச் செத்துப்போம். ஸ்பேர் ரயருக்குக் காத்துக் காணாமல் கிடந்தது, நான் அடிச்சு விட்டனான். மற்ற நாலும் மாத்தினனியோ இல்லையோ, அதுக்கு மட்டும் ஒரு வரி போடு.

அப்பா