புதிதாய் வருபவர் கையில் வாக்காளர் பட்டியலைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈரோடு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இருபது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். 2023-ல், நாற்பத்து மூன்று வயதில், முதல் முறையாக ஒரு கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தேன். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. வேறு கட்சிகளில் இருக்கும் பெண்களிடம் பேசிப் பார்த்தேன். அவர்கள் கதையும் இதுவேதான்.

சேர்ந்த அன்று உறுப்பினர் அட்டைக்குப் போட்டோ வாங்கினார்கள், வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். அதற்கப்புறம் ஏழு மாதம் எனக்கு வந்தது ஒரே வேலை: தலைவர் வருகிறார், ஆரத்தித் தட்டோடு பத்துப் பெண்களைக் கூட்டி வர வேண்டும். கூட்டிப் போனேன். கிளைக் கூட்டம் எப்போது என்று கேட்டால், "அதெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க அக்கா" என்பார் கிளைச் செயலாளர். கூட்டம் நடப்பது பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில், இரவு ஒன்பதரைக்கு மேல். அங்கே பெண்கள் எப்படிப் போய் உட்காருவது?

அந்த நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாம் வந்தது. எங்கள் பாகத்துக்கு, அதாவது எங்கள் வாக்குச்சாவடிக்குரிய பட்டியலுக்கு, கட்சி முகவராக இருந்த தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால், வேறு ஆள் இல்லாமல் பட்டியலை என் கையில் கொடுத்தார்கள். நான் அரசியலுக்குள் வந்தது அன்றைக்குத்தான் என்று சொல்வேன்.

கடை சாத்திய பிறகு தினமும் ஒரு தெரு. ஒரு வீட்டில் மாமியார் இறந்து நாலு வருடம், பெயர் அப்படியே இருந்தது. அதே வீட்டு மருமகள் வாழ வந்து ஆறு வருடம், அவர் பெயர் இன்னும் பிறந்த ஊர்ப் பட்டியலில். பதினெட்டு முடிந்த கொழுந்தனுக்குப் பெயரே இல்லை. மாமியார் பெயரை நீக்கப் படிவம் 7, மருமகளுக்கு முகவரி மாற்றப் படிவம் 8, பையனுக்குப் படிவம் 6. ஒரே வாசற்படியில் மூன்றும் பழகிவிட்டது. முகவர் ஒரு நாளைக்குப் பத்துப் படிவம் வரைதான் மொத்தமாகக் கொடுக்கலாம் என்று எனக்குச் சொன்னது வாக்குச்சாவடி நிலை அலுவலராக வந்த அங்கன்வாடி அம்மா. கட்சியில் ஒருவரும் சொல்லவில்லை. படிவம் எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த மருமகள், முதியோர் உதவித்தொகை மாமனாருக்கு மூன்று மாதமாக வரவில்லை என்றார். பக்கத்து வீட்டில் சாக்கடை அடைப்பு. பட்டியலோடு போனால் வீட்டுக்காரர் நாற்காலி எடுத்துப் போடுகிறார். நோட்டீசோடு போனால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்.

2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலில் அதே சாவடியில் ஏஜெண்டாக உட்கார்ந்தேன். விடிகாலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்த பிறகுதான் இயந்திரத்துக்குச் சீல் வைப்பார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற எனக்கு, எதிர்க்கட்சி ஏஜெண்டாக வந்திருந்த பெரியவர், "பச்சைச் சீல்ல இருக்கற நம்பரை எழுதிக்குங்க அம்மிணி, சாயங்காலம் 17சி காப்பி வாங்காமப் போயிராதீங்க" என்றார். பதிவான மொத்த வாக்குகளின் கணக்கு அந்த 17சி படிவத்தில்தான் இருக்கிறது. எங்கள் கட்சியில் இருந்து எனக்கு வந்தது மதியச் சாப்பாடு மட்டும். அந்தப் பெரியவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் எங்கள் வார்டும் பெண்கள் வார்டு. கட்சிச் சின்னத்தில் நிற்கும் தேர்தல் என்பதால் சீட் யாருக்கு என்பது கட்சிக்குள் முடிவாகிறது. அந்த இடத்தில் பெண்களே இல்லையென்றால் நிர்வாகியின் மனைவி பெயர்தான் மேலே போகும். எங்கள் வார்டிலும் அதுதான் நடந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. மன்றக் கூட்டத் தீர்மான நகலில் கையெழுத்து மட்டும் அவருடையது, மற்றதெல்லாம் வீட்டுக்காரர் பார்க்கிறார்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்றவர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. எல்லாக் கட்சிகளின் ஒன்றிய, பேரூர்ச் செயலாளர்களிடமும் கேட்கிறேன்: புதிதாகச் சேரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் முதல் மாதமே ஒரு தெருவின் வாக்காளர் பட்டியலைக் கொடுங்கள். ஒரு வருடம் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டவருக்குச் சீட் பேசும் இடத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். கூட்டத்தைப் பகலில் வையுங்கள். இதற்குக் கட்சி விதியை மாற்ற வேண்டியதில்லை, பணமும் வேண்டாம்.

எங்கள் கிளையில் மூன்று மாதம் சண்டை போட்டு ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு என் தையல் கடையில் கூட்டம். போன முறை ஒன்பது பெண்கள் வந்தார்கள். அந்த மருமகளும் வந்தார், தன் தெருப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு மாவட்டம்.