மோட்டார் டெர்மினல் போர்டைச் சிறிதாக்குவது பற்றி, கோவை நண்பனுக்கு

அம்பத்தூர், சென்னை

அன்பு நண்பா,

உன் கடிதமும் கூட வைத்திருந்த படமும் கிடைத்தன. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அந்த வாரம்தான் இவளுக்குக் கண் ஆபரேஷன் என்பதால் வர முடியவில்லை. இப்போது பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. தங்கச்சியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே.

சரி, படத்துக்கு வருகிறேன். 7.5 எச்பி மோட்டாரின் டெர்மினல் பெட்டியைச் சின்னதாக்க வேண்டும், அதற்கு உள்ளே வயர்களை இணைக்கிற ஆறு முனை போர்டும் சுருங்க வேண்டும், 16 மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி நிற்கிற ஸ்டட்டுகளை, அதாவது வயர் மாட்டுகிற திருகுத் தண்டுகளை, 12.5-க்கு நெருக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக நெருக்கலாம். ஆனால் படத்தில் இருக்கிற மாதிரி தட்டையான பலகையில், அதுவும் பேக்லைட்டில், வேண்டாம். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

எம்4, அதாவது 4 மில்லிமீட்டர் ஸ்டட்டில் உட்கார்கிற ரிங் லக்கின் (வயர் நுனியில் மாட்டுகிற உலோக வளையம்) வெளிவிட்டம் சுமார் 8 மில்லிமீட்டர். மையத்துக்கு மையம் 12.5 என்றால் லக் விளிம்புக்கும் அடுத்த லக் விளிம்புக்கும் நடுவே மிஞ்சுவது 4.5. காற்று வழியைப் பொறுத்தவரை இது போதும். நம் 240/415 வோல்ட் லைனில் மூன்றாம் வகை (கட்டடத்தின் லைனில் நிலையாக இணைத்திருக்கிற) சாதனத்துக்கு 4 கிலோவோல்ட் அதிர்ச்சி மின்னழுத்தத்தை, அதாவது கணநேரம் வந்து போகிற உச்சத்தை, எடுத்துக்கொள்கிறோம், அதற்குக் காற்றில் 3 மில்லிமீட்டர் இருந்தால் சரி. நீ இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறாய். பலகையின் மேற்பரப்பு வழியாக ஊர்ந்து போகிற தூரத்துக்கும் காப்பு இடைவெளிகளுக்கான உலகத் தரமான ஐஇசி 60664-1-ன் அட்டவணையைப் பார்த்து, 400 வோல்ட், இரண்டாம் நிலை மாசு (பெரும்பாலும் மின்சாரம் கடத்தாத தூசி), 4 மில்லிமீட்டர் என்று எடுத்திருக்கிறாய். நான் உன்னோடு மாறுபடுவது இந்த இடத்தில்தான். பெட்டி ஐபி55, அதாவது தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் தாங்குகிற மூடல், உள்ளே தூசி வராது, அதனால் இரண்டாம் நிலை போதும் என்பது உன் வாதம். உன் தொழிற்சாலையை விட்டு வெளியேறுகிறவரை அந்தப் பெட்டி ஐபி55 தான். அப்புறம் அது வயர்மேன் கையில். கேபிள் கிளாண்டை முறுக்காமல் விடுவார்கள், கிளாண்டே இல்லாமல் ஓட்டையில் நேராக வயரை விடுவார்கள், கேஸ்கெட்டைக் கழற்றினால் திரும்பப் போட மாட்டார்கள். அந்த ஓட்டை வழியாக எறும்பும் பல்லியும் போகிறதை நீயும் பார்த்திருக்கிறாய். ஈரம் போகிற இடத்துக்கு மூன்றாம் நிலை என்றுதான் கணக்குப் போட வேண்டும். அப்போது அதே அட்டவணை 6.3 கேட்கிறது, 415 வோல்ட்டுக்கு இடைச்செருகினால் ஏறக்குறைய ஆறரை. உன்னிடம் இருப்பதோ நாலரை.

காற்றுக்கும் மேற்பரப்புக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் பையன்களுக்குச் சொல்லும்போது நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். காற்றில் ஒரு பொறி பறந்தால் அடுத்த நொடியே காற்று பழையபடி ஆகிவிடும். பலகையின் மேல் அப்படி இல்லை. உப்பும் தூசியும் படிந்த பரப்பில் பனி இறங்கினால் ஒரு ஈரப்படலம் உண்டாகிறது. அதில் சில மில்லி ஆம்பியர் கசிகிறது. கசிகிற மின்சாரமே அந்தப் படலத்தைச் சூடாக்கி இங்கொன்றும் அங்கொன்றுமாக உலர்த்துகிறது. உலர்ந்த பட்டை குறுக்கே வந்ததும் முழு மின்னழுத்தமும் அந்தச் சின்ன இடைவெளியில் வந்து நிற்கும், அங்கே குட்டிக் குட்டியாகப் பொறி வரும். ஒவ்வொரு பொறியும் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கருக்குகிறது. கருகினால் கரி, கரி மின்சாரத்தைக் கடத்தும். இப்படி மாதக்கணக்கில் சிறுகச் சிறுக நீண்டு, ஒரு நாள் இரண்டு ஸ்டட்டும் இணைந்துவிடும்.

திருவான்மியூரில் என் தங்கை இருக்கிற அடுக்குமாடியின் சம்ப் மோட்டாரில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். கடற்கரைக்குப் பக்கம். விடியற்காலையில் சுவிட்ச் போட்டால் டிரிப் ஆகும், மத்தியானம் போட்டால் ஓடும். வைண்டிங் போய்விட்டது என்று ஒருவர், கேபிள் கசிகிறது என்று இன்னொருவர். காலையில் காப்பை அளக்கிற மெக்கரை வைத்தால் முள் கீழே கிடக்கும், வெயில் ஏறியதும் மேலே போகும். பெட்டியைத் திறந்தால் பேக்லைட் போர்டில் இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே பென்சிலால் கீறியது போலக் கறுப்புக் கோடு. நட்டெல்லாம் இறுக்கமாக இருந்தது, வயரிலும் குறை இல்லை. குறை முழுக்க அந்த மேற்பரப்பில்தான். எந்தக் கம்பெனி மோட்டார் என்பது இங்கே முக்கியமில்லை, அந்தப் போர்டில் ஸ்டட் இடைவெளி நீ வரைந்திருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023-ல் மிக்ஜாம் புயல் மழையிலும் இங்கே எத்தனை சம்ப் மோட்டார்கள் மூழ்கின! தண்ணீர் வடிந்ததும் வைண்டிங்கைச் சூடு காட்டி வார்னிஷ் அடிக்கிறார்கள், போர்டைத் துணியால் துடைத்து அப்படியே போட்டுவிடுகிறார்கள். காய்ந்தபின் அதில் ஒட்டியிருக்கிற வெள்ளைப் பொடிதான் அடுத்த பனிக்காலத்தில் வேலையைக் காட்டுகிறது.

பேக்லைட்டை நான் மட்டமாகச் சொல்லவில்லை. 1907-ல் பேக்லண்ட் அதைச் செய்தபோது பீங்கானும் சலவைக்கல்லும்தான் பலகை. அவற்றுக்குப் பிறகு வந்த பெரிய வரம் அது. சூட்டுக்கு இளகாது, திருகு நன்றாகப் பிடிக்கும். ஆனால் அந்தப் பிசின் கருகினால் கரி அதிகம் விடும். மேற்பரப்பில் கரிப்பாதை விழாமல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற சிடிஐ சோதனையில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். பிளாட்டினம் முனைகள் இரண்டை 4 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, நடுவே அம்மோனியம் குளோரைடு கரைசலை 30 வினாடிக்கு ஒரு சொட்டாக 50 சொட்டு விடுகிறார்கள். எவ்வளவு வோல்ட் வரை பாதை விழாமல் நிற்கிறதோ அதுவே அதன் மதிப்பு. சாதாரண பேக்லைட் 175-க்குக் கீழேயே நின்றுவிடும். கண்ணாடி இழை போட்ட பாலியெஸ்டர் மாவு, அதுதான் நாம் டிஎம்சி என்று சொல்வது, நல்ல ரகமாக இருந்தால் 600 தாங்கும். 600-ஐத் தொட்டாலே முதல் பிரிவு, அதற்கு அட்டவணை கேட்கிற தூரமும் குறைவு. மூன்றாம் நிலை மாசில் 400 வோல்ட்டுக்கு 5 மில்லிமீட்டர்.

நைலான் பற்றியும் கேட்டிருந்தாய். சிடிஐ நன்றாகவே இருக்கும், தட்டினால் உடையாது. பேனலுக்குள் 35 மில்லிமீட்டர் ரெயிலில் மாட்டுகிற கனெக்டர்களுக்கு அது அருமையான பொருள். ஆனால் நைலான் 66 ஈரத்தை உறிஞ்சும், நீரில் முழுதும் ஊறினால் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஏறும், அளவும் மாறும். மோட்டார் உடம்புச் சூட்டில் வருடக்கணக்கில் நட்டு இறுக்கத்தைத் தாங்க வேண்டிய இடத்தில் எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. டிஎம்சியே போடு.

இனி வடிவம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். தட்டைப் பலகையில் தூரம் வேண்டுமென்றால் அகலம் வேண்டும். மேடும் பள்ளமும் செய்தால் அகலம் கூடாமலே தூரம் கூடும். ஸ்டட்டுகளுக்கு நடுவே சுவர் எழுப்பலாம் என்று உனக்கு முதலில் தோன்றும், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கணக்குப் பார். நடுவில் இருக்கிற 4.5-ல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் சுவர் வைத்தால் லக்குக்கும் சுவருக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றரைதான் மிஞ்சும். மூன்றாம் நிலை மாசில் ஒன்றரைக்குக் குறைந்த இடுக்கைக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அழுக்கு அதை மூடிவிடும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். லக் இம்மி நகர்ந்தால் போதும், நீ சுவர் ஏறி இறங்கிச் சேர்த்த தூரத்தில் பாதி போச்சு. போதாததற்கு, எம்4 நட்டுக்கு 7 மில்லிமீட்டர் ஸ்பேனர், அதன் குழாயின் வெளிவிட்டம் சுமார் 10. சுவருக்கு நடுவே அது திணறும். வயர்மேன் கோபத்தில் சுவரை உடைத்துவிட்டு வேலையை முடிப்பார்.

அதனால் சுவருக்குப் பதிலாக, ஒவ்வொரு ஸ்டட்டையும் தனித்தனி மேடையில் ஏற்று. 9 மில்லிமீட்டர் விட்டம், 3 மில்லிமீட்டர் உயரம். மேடைக்கு மேடை பள்ளம் 3.5 அகலம், ஒன்றரையைவிட நன்றாகவே அதிகம், முழுசாகக் கணக்கில் வரும். லக் விளிம்பிலிருந்து மேடை ஓரத்துக்கு அரை, இறங்க 3, பள்ளம் 3.5, ஏற 3, மறுபடி அரை. மொத்தம் 10.5. பேக்லைட்டுக்குக் கேட்பதே ஆறரைதான், டிஎம்சிக்கு இன்னும் குறைவு. காற்று வழி அதே 4.5. ஸ்பேனருக்கும் தடையில்லை. செங்குத்தான பக்கங்களில் தூசி தட்டைப் பரப்பில் படிகிற மாதிரி படியாது. பள்ளத்தின் கீழ்முனையை மட்டும் அடைக்காதே. பெட்டி மோட்டாரின் பக்கவாட்டில் வருவதால் தண்ணீர் தானாக வழிந்து வெளியேறட்டும். நட்டை இறுக்கும்போது லக் கூடவே சுற்றி வால் பக்கத்து முனை மேல் சாயும். அதைத் தடுக்க வயர் வெளியேறுகிற பக்கத்தில் மட்டும், லக்கின் ஒடுங்கின கழுத்து வருகிற இடத்தில், குட்டிச் சுவர் இருந்தால் போதும்.

மோட்டாரின் மூன்று வைண்டிங்குகளின் ஆறு முனைகளில் மேல் வரிசை டபிள்யூ2, யூ2, வி2, கீழ் வரிசை யூ1, வி1, டபிள்யூ1 என்பதை மாற்றாதே. அந்த வரிசையால்தான் செங்குத்தாக மூன்று லிங்க் (உலோகப் பட்டை) போட்டால் டெல்டா, மேலே குறுக்கே போட்டால் ஸ்டார் என்று வைண்டிங்குகளின் இணைப்பு மாறுகிறது. தரமணி பாலிடெக்னிக் லேபில் இதை முதன்முதலில் பார்த்தபோது யோசித்தவன் எவ்வளவு புத்திசாலி என்று நாம் இருவரும் வியந்தது நினைவிருக்கிறதா? மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே மின்னழுத்தம் குறைவு. டெல்டாவில் நேர் எதிர் முனைகள் ஒன்றாகவே இருக்கும், ஸ்டாரில் 240 தான். அதைப் பார்த்து வரிசைகளை இன்னும் நெருக்கலாம் என்று உன் டிசைனர் சொல்லக்கூடும். சம்மதிக்காதே. ஒரே லிங்க் இரண்டு விதத்துக்கும் பொருந்த வேண்டுமானால் இரு பக்கமும் 12.5 ஆகவே இருக்க வேண்டும்.

அடுத்தது டை, அதாவது மாவை வார்க்கிற இரட்டை அச்சு. இரண்டு பாதியும் சேர்கிற கோடு மேடைகளின் மேலோ பள்ளத்திலோ வரக்கூடாது, பலகையின் வெளி விளிம்பில் வரட்டும். காரணம் பிசிறு. பிசிறை அரம் போட்டு ராவினால் மேலே இருக்கிற பிசின் தோல் போய்க் கண்ணாடி இழை வெளியே தெரியும். இழை வழியாக ஈரம் உள்ளே இறங்கும், 600 தாங்கும் என்று வாங்கின பொருள் அந்த இடத்தில் அவ்வளவு தாங்காது. மேடையின் அடியில் சின்ன வளைவு கொடு, மாவு நன்றாகப் பாயும், மூலையில் விரிசலும் விழாது.

இரண்டு விஷயம் உன் படத்தில் இல்லவே இல்லை. ஒன்று, போர்டின் அடிப்பக்கம். ஸ்டட்டின் தலை அடியில் உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கீழே மோட்டாரின் வார்ப்பிரும்பு. அங்கேயும் அதே தூரக் கணக்கு உண்டு, அங்கேதான் பனிநீர் தேங்கும், யாரும் துடைக்கவும் மாட்டார்கள். போர்டை நான்கு கால்களில் தூக்கி வை. போர்டைப் பிடிக்கிற திருகின் தலையும் எர்த்தான இரும்புதான், அதிலிருந்து பக்கத்து ஸ்டட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பார். இன்னொன்று, இறுக்கம். லக், வாஷர், நட்டு எல்லாம் ஸ்டட்டின் பித்தளைத் தோளில் உட்கார வேண்டும், அழுத்தம் உலோகத்திலிருந்து உலோகத்துக்கே போக வேண்டும். நடுவில் பிளாஸ்டிக் அகப்பட்டால் சூட்டில் அது அமுங்கும், நட்டு தளரும், தளர்ந்த இடம் இன்னும் சுடும். ஸ்டட் தலை அறுகோணமாக மாவுக்குள் புதைந்திருந்தால் 1.2 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினாலும் சுற்றாது.

பேக்லைட்டைவிட டிஎம்சிக்குச் செலவு கூடும் என்பது தெரியும். விலையில் போட்டி எப்படி இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்து வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் பெட்டி சிறிதானதால் இரும்பில் மிச்சமாவதை இந்தப் பக்கம் சேர்த்துப் பார். தண்ணீருக்குப் பக்கத்திலேயே வாழ்நாள் முழுக்க இருக்கப்போகிற மோட்டார் இது. ஈரக் கையோடு அதைத் தொடப்போவது வாட்ச்மேனோ, தோட்டத்தில் வேலை செய்கிற அம்மாவோ. இந்த ஒரு பாகத்தில் மட்டும் நாம் செலவைக் குறைக்கவே கூடாது என்று உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.

டை வெட்டக் கொடுப்பதற்கு முன் திருத்தின படத்தை எனக்கு ஒரு தடவை அனுப்பு. மாவு சப்ளை செய்கிறவர் சிடிஐ 600 என்று தாளில் எழுதித் தருவார், அதோடு விட வேண்டாம். முதல் மாதிரிகள் வந்ததும் ஐந்தாறு இங்கே அனுப்பி வை. கிண்டி சிப்பெட்டில், 1968-லிருந்து பிளாஸ்டிக்கையே கட்டி மேய்க்கிற இடம் அது, சோதனைக்குக் கொடுக்க என்ன நடைமுறை என்று நானே போய் விசாரிக்கிறேன். இரண்டு மாதிரியை தங்கை வீட்டு சம்ப் அறையில் மழைக்காலம் முழுக்க லைனோடு இணைத்து வைத்துப் பார்க்கவும் ஏற்பாடு செய்கிறேன், அசோசியேஷனில் பேசிவிட்டேன். ஐப்பசிக்கு முன் மாதிரி வந்து சேர்ந்தால் நல்லது.

அன்புடன்,
உன் நண்பன்