தோப்பூருக்கும் டோக்கியோவுக்கும் நடுவில்: வெளியுறவு அமைச்சகத்துக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

வெளியுறவு அமைச்சகத்துக்கு வணக்கம்.

மதுரையில் கல்லூரி மாணவர்களுக்கு அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். உச்சி மாநாடு முடிந்து நீங்கள் வெளியிடும் கூட்டறிக்கைகளை வகுப்பில் வரிவரியாகப் படிப்பது எங்கள் வழக்கம். 2025 ஆகஸ்ட் கடைசியில் பிரதமர் டோக்கியோ போனபோது வெளியானவற்றையும் படித்தோம். பத்தாண்டுகளில் 10 லட்சம் கோடி யென் ஜப்பானியத் தனியார் முதலீடு. ஐந்தாண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே 5 லட்சம் பேர் போய்வருவது. அதில் இந்தியாவிலிருந்து ஜப்பானுக்கு 50,000 திறன் பெற்ற பணியாளர்கள். படித்து முடித்ததும் ஒரு மாணவி கேட்டார்: "சார், இதுல தோப்பூர் எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. 2006-ல் தொடங்கிய இந்திய-ஜப்பான் உத்திசார் கூட்டாண்மை 2014-ல் 'சிறப்பு' என்ற அடைமொழி பெற்றது. அந்த உறவு தென்மாவட்டங்களுக்குக் கொடுத்த பெரிய வாக்குறுதி மதுரையை ஒட்டிய தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனை. ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய்த் திட்டம், செலவில் பெரும்பங்கு ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜைக்கா தரும் கடன். தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று அறிவித்தது 2015 பட்ஜெட்டில். அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச்சில். கட்டுமானம் தொடங்கியதோ 2024-ல்தான். நடுவில் கொரோனா வந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2022-ல் மதுரை எய்ம்ஸ் என்ற பெயரில் சேர்ந்த முதல் 50 எம்.பி.பி.எஸ். மாணவர்கள் பாடம் கேட்கப் போனது ராமநாதபுரத்துக்கு. இத்தனை ஆண்டுகளில் இரு நாட்டுத் தலைவர்களும் எத்தனையோ முறை சந்தித்துவிட்டார்கள்.

இதன் வலி தெரிய வேண்டுமானால் பனகல் சாலையில் எங்கள் பெரியாஸ்பத்திரிக்கு விடியற்காலையில் வந்து பாருங்கள். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி என்று நாலாபக்கமிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்தவர்கள், கட்டைப்பையும் தூக்குச்சட்டியுமாக ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்பார்கள். உள்ளே இருப்பவருக்குத் துணைக்கு வந்தவர்கள் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டிய அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மகன் விசாரித்துக்கொண்டிருப்பார். அந்தக் கூட்டத்தைத் தாங்கும் டாக்டர்களும் செவிலியர்களும் மனிதர்கள்தானே?

அதே வளாகத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். மாநில அரசின் திட்டத்தில், அதே ஜைக்கா கடனில் எழுந்த அடுக்குமாடிக் கட்டடம். அது இன்று நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. அப்படியானால் ஜப்பான் பணம் மதுரைக்கு வந்து சேர்வதிலோ, வந்தது கட்டடமாவதிலோ அடிப்படையில் எந்தத் தடையும் இல்லை. சாத்தியம் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி நிற்கிறது.

மருத்துவமனை சுகாதாரத் துறையின் பொறுப்பு, கடன் நிதி அமைச்சகத்தின் பொறுப்பு என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் இந்த நட்பின் பெயரால் கையெழுத்திடப்படும் ஒவ்வொன்றையும் உலகுக்குச் சொல்வது நீங்கள்தான். எதிர்த்தரப்போடு ஆண்டுதோறும் உட்கார்ந்து பேசும் மேசையும் உங்களிடம்தான் இருக்கிறது. இந்தோ-பசிபிக் கடல் பாதுகாப்பு, செமிகண்டக்டர், நான்கு நாடுகளின் குவாட் கூட்டமைப்பு எல்லாம் பேசுங்கள், வேண்டியவைதான். அதோடு, கூட்டறிக்கைக்குப் பின்னிணைப்பாக ஒரு பக்கம் சேருங்கள்: எந்த ஊரில் எந்தத் திட்டம், கடன் எப்போது கையெழுத்தானது, எவ்வளவு பணம் வந்தது, வேலை எதுவரை ஆகியிருக்கிறது, எப்போது முடியும், தாமதமானால் யார் பக்கத்தில் என்ன காரணம். அதைத் தமிழிலும் வெளியிடுங்கள். ஜப்பானோடு மட்டுமல்ல, அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ் என்று எந்த வல்லரசோடு கைகுலுக்கினாலும் இதே பக்கம் வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு 1988-ல் அன்றைய சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போட்டோம், முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014-ன் கடைசி நாளில். அந்த 26 ஆண்டுக் கதையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள்.

அப்புறம் அந்த 50,000 பேர் விஷயம். ஜப்பானுக்கு வேலைக்குப் போக வழிசெய்யும் ஒப்பந்தம் 2021 ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. ஜப்பானிய மொழித் தேர்வும் தொழில்திறன் தேர்வும் எழுதித் தேறினால் முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டுமானம் போன்ற வேலைகளுக்குப் போகலாம். நர்சிங் முடித்த எங்கள் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களில் சிலர் நகையை அடகு வைத்து ஏஜென்ட்டிடம் பணம் கட்டிவிட்டு, விசா வருமா வராதா என்று காத்திருக்கிறார்கள். எந்தக் கட்டணம் முறையானது, எது ஏமாற்று என்று எங்கே போய்க் கேட்பது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் மக்களுக்குத் தெரிந்த உங்கள் முகம் மண்டல பாஸ்போர்ட் அலுவலகம்தான். அங்கே ஒரு மேசை போடுங்கள். ஜப்பான் வேலைக்கான தகுதி, தேர்வு, பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல், சட்டப்படி வாங்கக்கூடிய கட்டணம் இவற்றைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கேட்டால் பதில் சொல்ல ஒருவரை உட்காரவையுங்கள். இதற்கு உச்சி மாநாடு வரை காத்திருக்க வேண்டாம், உங்கள் ஓர் உத்தரவு போதும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர்