காங்கேயம் வட்டாரக் கொறங்காடுகளைக் காக்க ஆட்சியர் தலைமையில் கூட்டுக்குழு அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கொறங்காட்டு உரிமையாளர்கள், மேய்ச்சல் குத்தகைக்காரர்கள், ஆடு மாடு வளர்ப்போர் சார்பாக ஒரு விவசாயி,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

பொருள்: கொறங்காடுகளை மேய்ச்சல் நிலமாகப் பதிவு செய்வது, நிலக்காரர்களையும் மேய்ப்பவர்களையும் பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்துக் கூட்டுக்குழு அமைப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

காங்கேயம், தாராபுரம் வட்டங்களில் வெள்ளகோவில், மூலனூர், ஊதியூர் பக்கம் கொறங்காடு வைத்திருப்பவர்களும், அதைக் குத்தகைக்குப் பிடித்து மேய்ப்பவர்களும் சேர்ந்து இந்த மனுவைத் தருகிறோம். காட்டுக்காரரும் குத்தகைக்காரரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது எங்கள் ஊர்ப்பக்கம் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. இந்த முறை போட்டிருக்கிறோம். இரண்டு பேருக்கும் பிழைப்பு அந்தப் புல்லில்தான் இருக்கிறது, அந்தப் புல் கண்ணெதிரே குறைந்துகொண்டே வருகிறது.

தாங்கள் வெளியூரிலிருந்து வந்திருந்தால் கொறங்காடு என்ற சொல்லே புதிதாக இருக்கலாம், அதனால் அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம். எங்கள் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும், மழை வராது. ஆண்டு முழுக்கக் கூட்டினாலும் 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். மண்ணோ சரளை கலந்த செம்மண். இப்படிப்பட்ட இடத்துக்கு எங்கள் முன்னோர் கண்டுபிடித்த விவசாயம் கொறங்காடு. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். இது மேய்க்கால் புறம்போக்கு அல்ல, தனியார் பட்டா நிலம். ஒவ்வொருவரும் தம் காட்டைக் கிளுவையால் சில துண்டுகளாகத் தடுத்து, ஒன்றில் மேய்ந்து முடித்ததும் வேலியில் உள்ள வழியான கடவைத் திறந்து அடுத்ததில் விடுவார்கள். மாடு நீளப் புல்லை மேய்ந்துவிட்டுப் போகும், பின்னால் செம்மறி வந்து கட்டையை மேயும். அப்புறம் அந்தத் துண்டு ஓய்வில் கிடக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்தால் புல் புதிதாகக் கிளம்பும்.

கொழுக்கட்டைப் புல்லின் வேர் ஆழமாக இறங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் காய்ந்து நின்றாலும் ஆட்டுக்கு அது தீனிதான். ஒரு மழை பெய்தால் நாலாம் நாள் தூரில் பச்சை தெரியும். பங்குனி, சித்திரையில் புல் சுத்தமாகத் தீர்ந்துபோகிற நேரத்தில் வெள்வேல மரம் கைகொடுக்கும். மத்தியான வெயிலில் செம்மறிகள் மரத்தடியில் ஒன்றன் வயிற்றுக்கடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். தொரட்டியால் கிளையை ஒரு ஆட்டு ஆட்டினால் காய் சலசலவென்று கொட்டும், அத்தனை தலையும் ஒன்றாக வெளியே வரும். புழுக்கையோடு விழுந்த கொட்டைதான் அடுத்த மழைக்கு வேலியோரம் முளைக்கிறது. எங்கள் காட்டில் நிற்கிற வெள்வேல மரங்களில் யாரும் குழி தோண்டி நட்டது ஒன்றுகூட இல்லை.

காங்கேயம் மாடு உருவானதும் இந்தக் காட்டில்தான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்து மந்தைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கொறங்காட்டு மேய்ச்சல். செவலையாகப் பிறந்து, ஆறு மாதத்தில் நிறம் மாறத் தொடங்குகிற அந்தக் கன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நிறையப் பேர் பேசினார்கள், அதற்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் மாட்டைப் பற்றிப் பேசிய அளவுக்கு அது மேயும் காட்டைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது எங்கள் வருத்தம். மேய்ச்சல் போனால் மாட்டைக் கட்டுத்தரையில் கட்டி, தீவனம் விலைக்கு வாங்கிப் போட வேண்டும். அந்தக் கணக்கு இந்த இனத்துப் பாலுக்குக் கட்டாது.

இனி எங்கள் குறைகளுக்கு வருகிறோம்.

முதல் குறை, கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் எங்கள் காடு "தரிசு" என்று இருப்பது. எனக்குச் சொந்தமாக 11 ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. என் அப்பா காலத்திலிருந்து ஒரு வருடம்கூட ஆடு மாடு இல்லாமல் அது கிடந்ததில்லை. 2017-இல் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்து நிவாரணம் கொடுத்தபோது, அடங்கல் நகலோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். தரிசு நிலத்துக்கு நிவாரணம் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோடையில் நான்கு மாடுகளை விற்றேன். அதில் ஒன்று சினை மாடு. பணம் போனதைவிட, நாற்பது வருடமாக நாங்கள் செய்வது விவசாயமே இல்லை என்று ஒரு தாள் சொல்லிவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தரிசு என்று எழுதிய நிலத்தின் மேல் வங்கிக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார், நிலத் தரகர் வேறு மாதிரி பார்க்கிறார். இது எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. நாடு முழுவதற்குமான தரிசுநிலக் கணக்கிலும் மேய்ச்சல் நிலங்களும் புதர் நிலங்களும் தரிசு வகைகளில்தான் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் அடங்கலைத் திருத்தும் வேலை இங்கேயே தொடங்க முடியும். "மேய்ச்சல் நிலம் – கொறங்காடு" என்று எழுதக் கிராம நிர்வாக அலுவலர்களுக்குத் தாங்கள் உத்தரவிட வேண்டும். மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பிலும் அதற்கு ஓர் இடம் வேண்டும்.

அடுத்தது வேலி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கொறங்காடு அழிவது வேலியிலிருந்துதான் தொடங்குகிறது. கிளுவைப் போத்தை வெட்டி வந்து நெருக்கமாக ஊன்றி, தழைத்ததும் கிளையைக் கிளையோடு பின்னி, ஆடு நுழையாத அடர்த்திக்குக் கொண்டுவர நாலைந்து வருடம் ஆகும். அதன்பின் வருடா வருடம் சந்து அடைக்க வேண்டும். நன்றாக வந்த வேலியில் கோவைக்கொடியும் பிரண்டையும் படரும், கவுதாரி அடியில் குஞ்சு பொரிக்கும். இந்த வேலை தெரிந்த ஆட்கள் எங்கள் ஊரில் இப்போது மூன்று பேர்தான், மூவருக்கும் அறுபதுக்கு மேல் வயது.

அந்த நாலைந்து வருட வேலையைச் செய்யப்போவது யார்? காட்டுக்காரர்கள் பலர் திருப்பூரிலும் கோவையிலும் குடியேறிவிட்டார்கள். காட்டில் நிற்பவர் குத்தகைக்காரர். அவருக்குக் கிடைப்பதோ வாய்வார்த்தையில் ஒரு வருடக் குத்தகை. அடுத்த வருடம் தனக்கு இருக்குமா என்று தெரியாத காட்டுக்கு அவர் எப்படிக் கிளுவை ஊன்றுவார்? சரி, காட்டுக்காரர் எழுதிக் கொடுக்கலாமே என்றால், அவருக்கும் ஒரு பயம். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி, எழுத்தில் கொடுத்தால் நிலமே கைவிட்டுப் போய்விடும் என்று வக்கீல் முதல் பங்காளி வரை எல்லோரும் எச்சரிக்கிறார்கள். அந்தச் சட்டம் ஏழைக் குத்தகைதாரரைக் காக்க வந்த நல்ல சட்டம், அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. வெறும் மேய்ச்சலுக்கு விடுவது அதில் எங்கே நிற்கிறது என்பது எங்களில் யாருக்கும் தெளிவாகத் தெரியாததால், இரண்டு பக்கமும் பயந்து ஒரு வருடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். நடுவில் வேலி விழுகிறது. வேலி விழுந்த காட்டில் கண்ட ஆடும் நுழையும், புல் தூரோடு போகும், அந்த இடத்தில் சீமைக்கருவேலம் ஏறும். பிறகு தரகர் வருவார்.

அதனால் நாங்கள் மிகவும் வற்புறுத்திக் கேட்பது ஒரு மாதிரி ஒப்பந்தம். அரசு வழக்கறிஞரையும் வருவாய்த்துறையையும் வைத்து, மேய்ச்சலுக்கு மட்டுமான பத்து வருட ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்துத் தாருங்கள். காட்டுக்காரருக்கு நிலம் போகாது என்ற உறுதியும், மேய்ப்பவருக்குப் பத்து வருடம் யாரும் எழுப்பிவிட மாட்டார்கள் என்ற உறுதியும் அதில் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தப் பத்து வருடமும் காட்டை உழுது வேறு பயிருக்கு மாற்றாமல், மனையாக்காமல் வைத்திருக்கக் காட்டுக்காரர் சம்மதிப்பார். அதற்கு ஈடாக, கிளுவை ஊன்றும் கூலியை ஊரக வேலைத் திட்டத்திலும், தண்ணீர்த் தொட்டி, புல்விதைச் செலவைக் கால்நடைத் துறைத் திட்டங்களிலும் கொடுக்க வழி செய்ய வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். விருப்பப்பட்டவர்கள் வரட்டும்.

மரம் நடுவது பற்றியும் ஒரு வார்த்தை. பசுமைத் திட்டங்கள் நல்ல எண்ணத்தில் வருகின்றன. ஆனால் புல்காட்டைப் பார்த்து "சும்மா கிடக்கிறது" என்று நினைத்து, சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் காட்டில் பொக்லைன் வைத்து வரிசையாகக் குழி எடுத்தார்கள். கன்றுகள் அந்தக் கோடையிலேயே காய்ந்தன. குழிகள் மட்டும் இன்னும் இருக்கின்றன, அதைச் சுற்றிப் புல் திரும்பி வரவில்லை. கொறங்காட்டில் வெள்வேலையும் கிளுவையும் தவிர வேறு மரம் நடுவதாக இருந்தால் கூட்டுக்குழுவைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும். நட வேண்டிய பணத்தில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

சூரிய மின்சாரத்துக்கும் நாங்கள் எதிரி இல்லை. தாராபுரம் பக்கம் காற்றாலைகளுக்குக் கீழே ஆடு மேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் சோலார் பூங்காவுக்கு மண்ணைச் சமன் செய்து, புல்லைச் சுரண்டி, கம்பிவேலி போட்டுவிட்டால் அந்த இடம் மேய்ச்சலுக்குத் திரும்பாது. அப்படிப்பட்ட விண்ணப்பம் வந்தால் அந்த ஊர் மேய்ப்பவர்களையும் அழைத்துக் கேட்க வேண்டும்.

தெருநாய்த் தொல்லையைத் தாங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். விடியற்காலையில் பட்டிக்குப் போய், கழுத்து கிழிந்து கிடந்த ஆடுகளை எண்ணியவர்கள் எங்களில் பலர். அதற்குப் பிறகு ஆடே வேண்டாம் என்று காட்டை விற்றவர்களும் உண்டு. கொறங்காட்டைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

கூட்டுக்குழு ஏன் தங்கள் தலைமையில் வேண்டும் என்றால், இந்த வேலை ஒரு துறைக்குள் அடங்கவில்லை. நிலம் வருவாய்த்துறை, மாடு கால்நடைத்துறை, மரம் வனத்துறை, வேலிக் கூலி ஊரக வளர்ச்சித்துறை. ஒவ்வொரு படியாக ஏறி இறங்கிய அனுபவம் எங்களுக்கு உண்டு. ஒரு மாவட்டத்துக்குள்ளும் இது அடங்கவில்லை. காங்கேயமும் தாராபுரமும் 2009 வரை ஈரோடு மாவட்டத்தில்தான் இருந்தன. இப்போதும் கொறங்காடு கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சி வரைக்கும், ஈரோடு, திண்டுக்கல் எல்லைக்குள்ளும் நீள்கிறது. அந்த மாவட்ட ஆட்சியர்களுக்குத் தாங்கள் எழுதி, ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஓர் அலுவலரையாவது சேர்க்க வேண்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்தும் புல் தெரிந்த விஞ்ஞானிகள் வரட்டும். குழுவில் பாதிக்குக் குறையாமல் காட்டுக்காரரும் மேய்ப்பவரும் இருக்க வேண்டும், ஆடு வளர்க்கும் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். பட்டியில் எந்த ஆடு எந்தப் புல்லைக் கழிக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அவிநாசிப் பக்கம் புதுப்பாளையத்தில் வெளிமான்கள் இருக்கின்றன. எங்கள் காடுகளிலும் முயல், காடை, பனங்காடை, பனிக்காலத்தில் வந்துபோகும் பூனைப்பருந்து எல்லாம் உண்டு, அவை இருப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் "பாதுகாப்பு" என்ற சொல்லைக் கேட்டதுமே, சரணாலயம் என்று சொல்லி நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ என்று எங்கள் ஆட்கள் மிரள்கிறார்கள். சிலர் அந்தப் பயத்தில்தான் இந்த மனுவில் கையெழுத்துப் போடவில்லை. நிலம் பட்டாக்காரரிடமே இருக்கும், மேய்ச்சல் தொடரும் என்று முதல் கூட்டத்திலேயே தாங்கள் எழுத்தில் சொன்னால் அவர்களும் வந்துவிடுவார்கள்.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்யத் தயாராக இருப்பதும் உண்டு. நல்ல கிளுவை வேலி உள்ளவர்கள் போத்துகளை இலவசமாகத் தருவார்கள். வேலி கட்டத் தெரிந்த அந்த மூன்று பெரியவர்களும் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். புல்விதை சேகரிப்பதைப் பெண்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். முற்றிய கதிரை இரண்டு விரலால் உருவினால் விதை பஞ்சுபோலக் கையோடு வரும், காற்றில் பறக்காமல் இருக்கச் சாணிக் கரைசலில் பிசறித் தூவ வேண்டும். கடைகளில் இந்த விதை எளிதாகக் கிடைப்பதில்லை, எங்கள் காடுகளில் கிடைக்கிறது.

ஐ.நா. பொதுச்சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. கேரளத்தின் குட்டநாடு, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வேளாண் மரபுப் பட்டியலில் இருக்கிறது. கொறங்காட்டுக்கும் அந்தத் தகுதி உண்டு என்று நம்புகிறோம், மாநில அரசு வழியாகப் பரிந்துரைக்கக் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் அடங்கல் திருத்தமும் மாதிரி ஒப்பந்தமும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தை சித்திரையில் கூடும். நாலு மாவட்டத்து மாட்டுக்காரர்களும் அங்கே இருப்பார்கள். அதற்கு முன்பாகக் குழுவின் முதல் கூட்டத்தை நடத்தினால், முடிவுகளைச் சந்தையிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடலாம். கூட்டத்துக்கு முன் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து ஒரு கொறங்காட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். காலை ஏழு மணிக்கு வந்தால் பட்டி திறக்கிற நேரம். முதல் நாள் சொன்னால் போதும், கடவில் ஆள் நிற்க வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொறங்காட்டு உரிமையாளர்களும் மேய்ச்சல் குத்தகைக்காரர்களும்

இடம்: காங்கேயம்

இணைப்பு: ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தவர்களின் கையெழுத்துகள், ஊர்வாரியாகப் புல எண்கள், அடங்கல் நகல்கள்.