பராமரிப்புக் கட்டணம் எதற்கு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

வரும் ஏப்ரலிலிருந்து எங்கள் பில்லிங் மென்பொருளுக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 6,000 ரூபாய் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். "ஓசி சாப்ட்வேர்னு நீங்கதான சொன்னிய, இப்ப எதுக்குக் காசு?" என்று அம்பாசமுத்திரத்து அரிசி ஆலை அண்ணாச்சி ஒருவர் போனில் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதை எல்லாருக்கும் எழுதுகிறேன்.

திருநெல்வேலி ஜங்ஷனில் என் அப்பா இரும்புக் கடை வைத்திருந்தார். அங்கே இருந்த பழைய பில்லிங் புரோகிராம், கம்ப்யூட்டருக்குப் பின்னால் தீப்பெட்டி அளவு டாங்கிள் ஒன்றைச் செருகினால்தான் திறக்கும். ஒருநாள் டாங்கிள் செத்துப்போனது. விற்ற கம்பெனியைத் தேடினால் அது எப்போதோ மூடியாகிவிட்டது. யார் எவ்வளவு பாக்கி என்பது உட்பட ஒன்பது வருடக் கணக்கும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது, படிக்கத்தான் வழியில்லை. அப்பா பழைய பில் கட்டுகளைத் தரையில் பரப்பி, மூன்று வாரம் குனிந்து உட்கார்ந்து பேரேட்டை மறுபடி எழுதினார்.

அதனால்தான் கட்டற்ற மென்பொருள். நம் புரோகிராம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில், கணக்கைச் சேமித்து வைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மேல் ஓடுகிறது. இரண்டும் கட்டற்றவை. நாங்கள் எழுதியதையும் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில், மூல நிரலோடு (புரோகிராமாக நாங்கள் எழுதிய வரிகளோடு) உங்களிடம் கொடுத்திருக்கிறோம். நாளைக்கே நாங்கள் கடையைச் சாத்தினாலும், விவரம் தெரிந்த வேறொரு பையன் அதைத் திருத்தித் தரலாம். எங்கள் அனுமதி வேண்டாம். காசு வாங்கக் கூடாது என்று அந்த உரிமம் எங்கேயும் சொல்லவில்லை. கட்டற்ற மென்பொருள் விலையைப் பற்றியதல்ல, சுதந்திரத்தைப் பற்றியது என்றுதான் அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடக்கத்திலிருந்தே சொல்லி வருகிறார்.

கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் தாமிரபரணி கொடுப்பது. ஆனால் அமலைச் செடியை அகற்றி, மடையைச் சரிபார்த்தால்தான் அது கடைசி வயல் வரை போய்ச் சேரும். முன்பெல்லாம் குடிமராமத்து என்று ஊரே கூடி அதைச் செய்தது. மென்பொருளிலும் மராமத்துக்கு ஆள் வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் வெளிவந்தது. எக்ஸ்இசட் என்பது லினக்ஸில் கோப்புகளைச் சுருக்க உதவும் சின்ன நிரல். பராமரித்தவர் ஒரே ஒருவர், சம்பளமில்லாமல், சோர்ந்துபோயிருந்தார். உதவுகிறேன் என்று வந்து இரண்டு வருடத்துக்கு மேல் பழகிய ஒரு ஆள், அதற்குள் வெளியாள் நுழைய ஒரு திருட்டுக் கதவு வைத்துவிட்டார். லாகின் ஆக அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததில் அது அகப்பட்டது. அவர் வேலை பார்ப்பது உங்கள் பில்லைச் சேமித்து வைக்கும் அதே போஸ்ட்கிரெஸில். அவருக்கு அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. எக்ஸ்இசட்காரருக்கு இல்லை. இந்த வித்தியாசம் என் மனதை விட்டுப் போகவே இல்லை.

இதுவரை நிறுவும்போது வாங்கும் தொகையில்தான் ஓட்டினோம். புதுக் கடை பிடித்தால்தான் பையன்களுக்குச் சம்பளம். அதனால் பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டால் "நாளைக்கு வாரோம்" என்று இழுத்தடித்திருக்கிறோம். அது தப்பு, மன்னியுங்கள். இனி ஜிஎஸ்டி மாற்றம், பேக்கப், நேரில் வந்து பார்ப்பது எல்லாம் இந்தக் கட்டணத்தில் அடங்கும். அதில் 500 ரூபாய், நாம் பயன்படுத்தும் மென்பொருள்களைப் பராமரிப்பவர்களுக்குப் போகும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் நம் வாடிக்கையாளர்கள் எட்டுப் பேரின் கம்ப்யூட்டர்கள் முங்கின. தவறாமல் பேக்கப் எடுத்திருந்த ஆறு பேர், கரண்ட் வந்த மறுநாளே பழைய கணக்கோடு பில் போட்டார்கள். மற்ற இருவருக்கு, சேறு அப்பிய ஹார்ட் டிஸ்கிலிருந்து பாதிதான் மீட்க முடிந்தது.

கட்டணம் கட்டாவிட்டால் மென்பொருள் நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பூட்டு எதுவும் கிடையாது, எப்போதும் போல ஓடும். எங்கள் ஆள் வந்து பார்ப்பதுதான் இருக்காது. சிறிய கடைக்காரர்கள் மூன்று தவணையாகக் கட்டலாம். அப்புறம், கடைசியாக எப்போது பேக்கப் எடுத்தீர்கள் என்று ஞாபகம் இல்லாதவர்கள், கட்டணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும், இந்த மாதத்துக்குள் ஒரு பென்டிரைவோடு வண்ணார்பேட்டை ஆபீசுக்கு வந்துவிடுங்கள். எப்படி எடுப்பதென்று காட்டித் தருகிறோம்.