காணிக்கைப் பையைக் குறித்து: சபை மேய்ப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர்களே, மூப்பர்களே,

கர்த்தருக்குள் வாழ்த்துகள். அண்மையில் ஓர் ஆராதனையில் மல்கியா 3-லிருந்து பிரசங்கம் கேட்டேன். "மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?" என்ற வசனத்தைப் போதகர் மூன்று முறை உரக்க வாசித்தார். என் பக்கத்தில் ஒரு விதவைத் தாய். பை வந்ததும் கைப்பைக்குள் விரலை விட்டுத் துழாவி, நாலாக மடித்து வைத்திருந்த நோட்டைப் போட்டார். பிறகு வெறுமையான கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

அந்த வசனத்தைக் காட்டித் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, வேண்டும் என்கிறீர்கள். உபாகமம் 14-ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டாமா? மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை, ஆலய ஊழியம் செய்த லேவியரோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்று அங்கே இருக்கிறது. யாருக்குக் கொடுக்கச் சொன்னதோ, அவரிடமே போய் வாங்கியிருக்கிறோம்.

ஆதிச் சபை எப்படி வாங்கியது, எப்படிச் செலவழித்தது என்பது மறைவான சங்கதி அல்ல. சுமார் 155-ல் ரோமில் இருந்த கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தீன், பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் ஞாயிறு கூடுகையை விவரிக்கிறார். வசதியும் மனமும் உள்ளவர்கள் தங்களுக்குத் தோன்றியதைக் கொடுப்பார்கள். அது தலைவரிடம் சேரும். அவர் அதைக்கொண்டு அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வந்து தங்கும் அந்நியர்கள் எல்லாரையும் தாங்குவார். சுமார் 197-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியது இன்னும் நுணுக்கமானது. யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்கிறார். ஏழைகளுக்குச் சாப்பாடு, அவர்களை அடக்கம்பண்ணும் செலவு, வீட்டோடு முடங்கிய முதியவர்கள், கப்பல் உடைந்து தவிப்பவர்கள், விசுவாசத்துக்காகச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று செலவுகளை வரிசையாகச் சொல்கிறார். இந்தப் பட்டியலை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதற்கும் முந்திய காலத்தது என்று பலரும் கருதும் 'திதாகே' என்னும் போதனை நூல் நேராகவே பேசுகிறது. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லி "எனக்குப் பணம் கொடு" என்பவனுக்குச் செவிகொடுக்காதே. இல்லாத பிறருக்காகக் கேட்டால் அவனைக் குற்றம் சொல்லாதே. இன்றைக்கு "விதையுங்கள், நூறு மடங்காய் அறுப்பீர்கள்" என்று மேடையில் வாக்குக் கொடுப்பவர்களை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

அன்றும் குறை இருந்தது. கொரிந்துவில் திருவிருந்தில் ஒருவன் பசித்திருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். பவுல் அதற்காக அவர்களைக் கண்டித்து எழுதினார். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டு மீதியைக் கொண்டுவந்த அனனியாவிடம் பேதுருகூட, விற்கும் முன்னும் விற்ற பின்னும் அது உன் வசத்தில்தானே இருந்தது என்றுதான் கேட்டார். பொய்தான் அவன் குற்றம். கொடுத்தே தீரவேண்டும் என்ற விதி அங்கே இல்லை. கொடுக்காதவரைச் சபைநீக்கம் செய்வோம் என்று தசமபாகத்துக்கு மிரட்டல் சேர்த்தது 585-ல் இன்றைய பிரான்சிலுள்ள மாக்கோனில் கூடிய ஆயர்களின் சங்கம்.

கட்டடம் வேண்டாம், போதகருக்குச் சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன். நான் கேட்பது இரண்டுதான். வருகிற ஞாயிறு அறிவிப்பு நேரத்தில், போன வருஷக் காணிக்கையில் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் எவ்வளவு போனது என்று சபையார் முன்னால் வாசியுங்கள். அந்தத் தாயிடம் பை போவதற்கு முன்னால், வீட்டில் அரிசி இருக்கிறதா என்று மூப்பர் ஒருவர் போய்க் கேட்டு வரட்டும்.

இப்படிக்கு,
சபையின் பின்வரிசையில் உட்காரும் ஒரு விசுவாசி