ஊருணிக்கரை நடைபாதைக்கு இன்னும் ரூ. 4,87,500 தேவை: ஊராருக்கும் வெளியூர் வாழ் உறவினருக்கும் வேண்டுகோள்

ஊருணிக்கரைப் பிள்ளையார் துணை

அன்புடையீர், வணக்கம்.

வயது முதிர்ந்த நம் பெண்கள் அச்சமின்றி நடந்து பழக ஊருணியைச் சுற்றி நடைபாதை அமைக்கும் திருப்பணி, பாதிக்கு மேல் பணம் சேர்ந்தும் தொடங்க முடியாமல் நிற்கிறது. செப்டம்பர் 15-க்குள் மீதித் தொகை வராவிட்டால் ஐப்பசி அடைமழையில் கரை சேறாகி வேலை தை மாதத்துக்குப் போய்விடும் என்றும், அப்போது இதே விலைக்குச் செய்து தர இயலாது என்றும் ஒப்பந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இளையவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள் என்பதால் ஊருணியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். செட்டிநாட்டின் மற்ற ஊர்களைப் போல நம் ஊரும் வானத்தை நம்பிய ஊர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன நம் முன்னோர், தம் வளவு வீடுகளுக்குத் தேக்கு இறக்கிய அதே கையோடு இந்த ஊருணியையும் வெட்டி, நான்கு புறமும் செம்பூரான் கல்லில் படி கட்டினார்கள். செருப்புடன் கரையேறுவதில்லை, தண்ணீரில் கால் நனைப்பதில்லை என்ற கட்டுப்பாட்டைக் காவல்காரர் இல்லாமலே ஊர் காத்தது. இன்று எழுபத்தைந்தைக் கடந்திருக்கும் அப்பத்தாக்களும் ஆயாக்களும் அன்று இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று நாளுக்கு நான்கு நடை நடந்தவர்கள். வீடு திரும்பியதும் அவர்களுக்காக அம்மியும் உரலும் காத்திருந்தன. குழாயும் மிக்ஸியும் வந்தது நல்லதற்கே. ஆட்டுக்கல்லுக்குத் திரும்புங்கள் என்று எங்கள் திருப்பணிக் குழு யாரையும் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் வீடுகளிலேயே எங்களுக்குச் சோறு கிடைக்காது. ஆனால் பாரம் இறங்கியபோது நடமாட்டமும் சேர்ந்தே இறங்கிவிட்டதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களின் எலும்பு விரைவாக வலுவிழக்கிறது. தசையும் தளர்ந்திருந்தால் குளியலறையில் ஒரு வழுக்கல் போதும், இடுப்பெலும்பு முறிந்துவிடும். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழுவோமோ என்று அஞ்சி உட்கார்ந்தே இருப்பார். உட்கார உட்காரக் கால் இன்னும் தளரும். கோவிலும் கல்யாண வீடும் ஒவ்வொன்றாக அவருக்குத் தூரமாகிப் போகும். அறுபத்தைந்தைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடல் உழைப்பில் ஈடுபட வேண்டும், அத்துடன் வாரத்தில் மூன்று நாளாவது நிலைதடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும், இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நம் ஊருணியின் சுற்றளவு 310 மீட்டர். ஓர் ஆச்சி நிதானமாக ஒரு சுற்று வர ஆறு நிமிடமாகிறது. ஐந்து சுற்று, வாரத்தில் ஐந்து நாள் என்றால் கணக்கு நேராகிவிடும். நடை மட்டும் போதாது என்பதால்தான், ஒற்றைக் காலில் நிற்கவும் குதிகாலை உயர்த்தி இறக்கவும் பிடிமானமாகக் கைப்பிடிக் குழாய் கேட்கிறோம். அதை அலங்காரச் செலவு என்று சிலர் பேசியது வருத்தமளித்தது.

சென்ற ஆண்டு மண்பாதையிலேயே 41 பேர் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் முந்தானையில் ஐந்து புளியங்கொட்டைகளை முடிந்து வருவார். ஒவ்வொரு சுற்றுக்கும் பிள்ளையார் முன் ஒன்றை வைத்து, நடை வேறு, பிரதட்சணம் வேறு என்று பிரிக்காமல் இரண்டையும் ஒன்றாகவே முடித்துக்கொள்வார். முதல் மாதம் இரு கையையும் ஊன்றித்தான் நாற்காலியிலிருந்து எழுந்தவர், நான்காம் மாதம் கை ஊன்றாமல் எழுந்தார். மகள் துணையில்லாமல் தனியாகப் பேருந்தேறிக் காரைக்குடிக்குப் போய் வந்ததை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். மாசி மாதத்தில் பெயர்ந்து கிடந்த கல் தடுக்கி, வேறோர் ஆச்சி கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. மறுநாளிலிருந்து வருகை 17-ஆகச் சுருங்கியது. கல் பெயர்ந்து கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

செலவு விவரம் வருமாறு: தளக்கல் பதித்த பாதையும் கரைச்சுவரும் ரூ. 6,85,000, கைப்பிடிக் குழாய் ரூ. 2,40,000, மழைக்காலப் பயிற்சிக்குத் தகரக் கொட்டகை ரூ. 2,25,000, நாற்காலிபோல் உட்காரும் உயரப் பீங்கானுடன் கூடிய பெண்கள் கழிப்பறை ரூ. 2,10,000, விளக்குகளும், ஊன்றி எழக் கைவைத்த பெஞ்சுகளும் ரூ. 1,00,000. ஆக மொத்தம் ரூ. 14,60,000. இதுவரை வரவு ரூ. 9,72,500. கழிப்பறையைக் கைவிட்டால் செலவு குறையுமே என்று யோசனை சொன்னவர்கள், அடக்கிக்கொள்ள முடியாது என்ற ஒரே காரணத்தால் வீட்டை விட்டு இறங்காத பெண்கள் எத்தனை பேர் என்று தம் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

இதுவரை தந்தவர்களுக்கு நன்றி சொல்லி மாளாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஒரே வாரத்தில் நான்கு லட்சத்துக்கு மேல் அனுப்பினார்கள். மகளிர் சுய உதவிக் குழுவினர் தலைக்கு நூறு ரூபாயாகச் சேர்த்து, சில்லறை மாற்றாமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்தார்கள். கைமுறுக்குச் சுற்றி விற்கும் அம்மா ஒருவர் ஒரு மாத வருமானம் முழுவதையும் தந்து, பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கரையில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை வேரோடு களைந்த இளைஞர்களுக்கும், இரண்டு நாள் கூலி வாங்காமல் அளவு பார்த்துக் கொடுத்த கொத்தனாருக்கும், அனுமதித் தீர்மானம் நிறைவேற்றிய கிராம சபைக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஊர்க் கூட்டத்தில் கை உயர்த்தி ஒப்புக்கொண்ட குடும்பங்களில் 23 குடும்பங்கள் இன்னும் தரவில்லை. பெயர்களை இங்கே எழுதும் எண்ணம் குழுவுக்கு இல்லை, அவரவருக்குத் தெரியும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டால் மறுநாளே எடுத்து வைக்கும் ஊர் இது. அந்த விழாவுக்கு விடிய விடியப் பலகாரம் செய்தவர்கள் இன்று முகப்பைத் தாண்டாமல் இருக்கிறார்கள். அம்மாவுக்குப் பெரிய டிவி வாங்கி வைத்தாயிற்று என்று ஆறுதல் கொள்ளும் மகன்களும் மகள்களும், அதன் முன் அவர் எத்தனை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் ஒருமுறை விசாரிக்க வேண்டுகிறோம்.

வீட்டுக்கு ரூ. 2,500 என்று குழு உத்தேசித்துள்ளது. இயன்றவர்கள் கூடுதலாகவும், இயலாதவர்கள் ஒரு நாள் உழைப்பாகவும் தரலாம். பணத்தைப் பொருளாளரிடம் நேரில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளவும். வரவு செலவுக் கணக்கு ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குப் பிள்ளையார் சன்னதியில் வாசிக்கப்படும். நடக்க வரும் ஆச்சிகளும் அந்த நேரத்தில் அங்கேதான் இருப்பார்கள்.

இங்ஙனம்,
ஊருணிக்கரை நடைபாதைத் திருப்பணிக் குழுவினர்